கடலோர டாக்டர் பதில்கள்: அந்த ஆராய்ச்சியில நம்மள மாதிரி யாரு இருந்தா?

இந்த மாசம் வந்த கடிதாசி, வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ் எல்லாத்துலயும் ஒரே கேள்விதான் வேற வேற வேஷத்துல வந்திருக்கு: "ஆராய்ச்சில கண்டுபுடிச்சிருக்காங்களாமே டாக்டரம்மா, நெசமா?" நெசம்தான், நெறைய நெசம். ஆனா இந்தக் கரையில 22 வருஷம் வைத்தியம் பாத்த பழக்கத்துல, ஆராய்ச்சின்னு யாரு எதக் கொண்டுவந்து நீட்டுனாலும் நான் மொதல்ல கேக்குறது, அதுல யார வச்சுப் பாத்தாங்க, அவங்க வயசு என்ன, என்ன வியாதி இருந்துச்சு, என்ன சாப்பிட்டாங்க, என்ன வேல பாத்தாங்கன்னுதான். கீழ இருக்குற பதில்லயும் அதத்தான் திரும்பத் திரும்பப் பாப்பீங்க.

எங்க வீட்டுக்காரவுகளுக்கு 58 வயசு, போன வருஷம் லேசா பக்கவாதம் வந்து இப்ப தேவல. விசைப்படகுல போறவுக. உப்பக் கொறைங்கன்னு சொல்றாக, கருவாடு இல்லாம அவுகளுக்குக் கஞ்சி எறங்காது. மருமகன் "சோடியம் கம்மியான உப்புன்னு ஒண்ணு விக்கிது, சைனாவுல ஆராய்ச்சி பண்ணிருக்காங்க"ன்னு ஒரு பாக்கெட் வாங்கியாந்து வச்சிருக்காரு. போடலாமா?
– வாசகி, தங்கச்சிமடம்

உங்க மருமகன் சொன்ன ஆராய்ச்சி நெசம்தாம்மா, நல்ல ஆராய்ச்சியும் கூட. சைனாவுல 600 கிராமம், கிட்டத்தட்ட 21 ஆயிரம் பேரு, பாதி கிராமத்துக்கு சாதா உப்பு, பாதி கிராமத்துக்கு 75 பங்கு சோடியம் குளோரைடும் 25 பங்கு பொட்டாசியம் குளோரைடும் கலந்த உப்பு, கிட்டத்தட்ட 5 வருஷம் பாத்து 2021ல முடிவு வெளியிட்டாங்க. கலந்த உப்பு சாப்பிட்ட கிராமத்துல பக்கவாதம் 14 சதவீதம் கம்மி, சாவும் 12 சதவீதம் கம்மி. ஒரு மருந்து மாத்திர இல்லாம சமையல்கட்டு டப்பாவ மாத்துனதுக்கே இது, எனக்கு அதப் படிச்சப்ப மனசு நெறைஞ்சு போச்சு.

அதுல இருந்தவங்க யாருன்னு பாருங்க. ஏற்கனவே பக்கவாதம் வந்தவங்க, இல்லன்னா 60 தாண்டி பிரஷர் இருக்குறவங்க, கிராமத்து ஆளுங்க, வீட்டுலயே சமைச்சு கையால உப்பு அள்ளிப் போட்டு சாப்பிடுறவங்க. உங்க வீட்டுக்காரர் அப்படியே அந்தக் கூட்டத்துல பொருந்துறாரு. ஆனா கிட்னி கெட்டுப் போனவங்கள அந்த ஆராய்ச்சில சேக்கவே இல்ல, இது ரொம்ப முக்கியம். கிட்னி சரியில்லாதவங்க ஒடம்புல பொட்டாசியம் வெளிய போகாம ஏறிக்கிட்டே போயி இதயத் துடிப்பையே நிறுத்திடும். அதனால பாக்கெட்டப் பிரிக்கிறதுக்கு முன்னாடி அவருக்கு ரத்தத்துல கிட்னி எப்படி வேல செய்யுதுன்னு காட்டுற கிரியேட்டினினும், பொட்டாசியமும் பாத்துருங்க, டெல்மிசார்ட்டன், எனலாப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் மாதிரி பொட்டாசியத்த ஏத்தக்கூடிய மாத்திர சாப்பிடுறாருன்னா டாக்டர்கிட்ட அந்தச் சீட்டக் காட்டிக் கேட்டுட்டுப் போடுங்க. ரிப்போர்ட் நல்லா இருந்து டாக்டரும் சரின்னா தாராளமாப் போடலாம், உலக சுகாதார நிறுவனமே 2025 ஜனவரில இந்த உப்பப் பயன்படுத்தலாம்னு வழிகாட்டுதல் குடுத்திருக்கு, கிட்னி நோயாளி, கர்ப்பிணி, சின்னப்புள்ளைங்களுக்கு அந்த வழிகாட்டுதல் பொருந்தாதுன்னும் அதுலயே இருக்கு.

கருவாட்டுக்கு மட்டும் இந்த உப்பு பதில் ஆகாது, ஏன்னா அதுல உப்பு கடக்கரையிலயே ஏறிருச்சு. ஒரு நாளைக்கு ஒரு ஆளுக்கு மொத்தமா 5 கிராமுக்குள்ள, அதாவது ஒரு டீஸ்பூன் உப்புதான் கணக்கு. வெந்நியில ஊறப்போட்டு ரெண்டு மூணு தண்ணி மாத்திக் கழுவி, கொழம்புல தனியா உப்பே போடாம, வாரத்துல ஒருநாள்னு வச்சுக்கங்க. படகுல போகும்போது கஞ்சிக்கு வெங்காயமும் பச்சமொளகாயும் குடுத்தனுப்புங்க.

மீன் எண்ணெய் கேப்ஸ்யூல் சாப்பிட்டா ஹார்ட் அட்டாக் வராதாமே? மாசம் 900 ரூவாய்க்கு வாங்கிச் சாப்பிடுறேன்.
– வாசகர், ராமேஸ்வரம்

அமெரிக்காவுல 25,871 பேர வச்சுப் பாத்த ஆராய்ச்சி, 2018ல முடிவு வந்துச்சு. அஞ்சு வருஷத்துக்கு மேல தெனம் ஒரு கிராம் கேப்ஸ்யூல் சாப்பிட்டும், மாரடைப்பு பக்கவாதம் இதய நோய்ச் சாவு எல்லாம் சேத்துப் பாத்தா சொல்லிக்கிற மாதிரி வித்தியாசம் இல்ல, கேன்சரும் கொறையல. கொஞ்சம் பலன் தெரிஞ்சது மீன் கம்மியா சாப்பிடுறவங்களுக்குத்தான். நீங்க ராமேஸ்வரத்துல இருக்கீங்க தம்பி. அந்த 900 ரூவாய்க்கு சாளையும் நெத்திலியும் வாங்கி கொழம்பு வைங்க, வீடே சாப்பிடும்.

எங்க வாப்பாவுக்கு 74 வயசு. சுகர் பிரஷர் ஒண்ணும் இல்ல, தொழுகைக்கு நடந்தே போயி வருவாக. கூட்டாளி ஒருத்தருக்கு இதய அடைப்புக்கு ஸ்டென்ட் வச்சதுல இருந்து பயந்துபோயி, அவரு சாப்பிடுற ரத்தத்த இளக்குற ஆஸ்பிரின் மாத்திரைய இவுகளும் தெனம் ஒண்ணு போடுறாக. சொன்னாலும் கேக்க மாட்டேங்குறாக. சரியா?
– வாசகர், கீழக்கரை

சரியில்ல தம்பி, இத வாப்பாகிட்ட நான் சொன்னதாவே வாசிச்சுக் காட்டுங்க. ஆஸ்திரேலியாவுலயும் அமெரிக்காவுலயும் 19,114 பேரு, பெரும்பாலும் 70 வயசுக்கு மேல, அப்படியே உங்க வாப்பா மாதிரி இதய நோய் எதுவும் இல்லாம நல்லா நடமாடுற பெரியவங்க. பாதி பேருக்கு தெனம் 100 மில்லிகிராம் ஆஸ்பிரின், பாதி பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திர. அஞ்சு வருஷத்துக்குக் கொஞ்சம் கம்மியா பாத்தாங்க. ஆஸ்பிரின் சாப்பிட்டவங்க கூடுதலா ஒண்ணும் நல்லா வாழல, மாரடைப்பும் குறிப்பிடுற அளவுக்குக் கொறையல, ஆனா வயித்துலயும் மூளையிலயும் பெருசா ரத்தம் கசியிறது 38 சதவீதம் அதிகமாச்சு. இந்த சதவீதக் கணக்கு பயமுறுத்தும், அதனால ஆள் கணக்காவே சொல்றேன்: ஆயிரம் பேர ஒரு வருஷம் பாத்தா, வெறும் மாத்திர சாப்பிட்டவங்கள்ல 6 பேருக்கு, ஆஸ்பிரின் சாப்பிட்டவங்கள்ல 8, 9 பேருக்கு. சின்ன வித்தியாசம்தான், ஆனா பலனே இல்லாத எடத்துல அந்த ரெண்டு பேரு எதுக்காக ரத்தம் கக்கணும்?

நான் வேலை பாத்த ஒரு ஆஸ்பத்திரிக்கு இப்படித்தான் ஒரு பெரியவர நைட்டுல தூக்கிட்டு வந்தாங்க, வேட்டியெல்லாம் தார் மாதிரி கறுப்பா மலம், மக கையில ஒரு மாத்திர அட்டை, யாரு எழுதிக் குடுத்தான்னா யாருமே இல்ல, பக்கத்து வீட்டுக்காரர் நல்ல எண்ணத்துல குடுத்தது. பொழைச்சுக்கிட்டாரு, நாலு பாட்டில் ரத்தம் ஏத்துன பெறகு.

ஆனா ஒண்ணு, இதப் படிச்சுட்டு அந்த ஸ்டென்ட் வச்ச கூட்டாளி மாத்திரைய நிறுத்திடக் கூடாது. ஏற்கனவே மாரடைப்பு வந்தவங்க, ஸ்டென்ட் வச்சவங்க, அடைப்பால பக்கவாதம் வந்தவங்க அந்த ஆராய்ச்சிலயே இல்ல, அவங்களுக்கு ஆஸ்பிரின் உசுரக் காப்பாத்துற மாத்திர, டாக்டர் சொல்லாம ஒருநாள் கூட விடக் கூடாது.

நான் பாசி எடுக்கப் போறவ, வயசு 38. மகளுக்கு 13. கர்ப்பப்பை வாய் புத்துநோய்க்கு ஊசி ஒண்ணு போதுமா மூணு போடணுமா, ஆளுக்கொண்ணு சொல்றாக. நர்ஸம்மா என்னையும் டெஸ்ட்டுக்கு வரச் சொல்லுது, எனக்குக் கூச்சமா இருக்கு டாக்டரம்மா.
– வாசகி, மண்டபம் பக்கம்

மகளுக்கு மொதல்ல சொல்றேன். நம்ம நாட்டுலயே 2009ல ஒரு ஆராய்ச்சி ஆரம்பிச்சாங்க, ரெண்டு ஊசி போதுமா மூணு வேணுமான்னு பாக்கத்தான். 2010ல அரசாங்கம் இந்த ஊசி ஆராய்ச்சி எல்லாத்தையும் நிறுத்தச் சொல்லிருச்சு, பாதில நின்னதால ஆயிரக்கணக்கான பொண்ணுங்களுக்கு ஒரே ஒரு ஊசியோட போச்சு. அந்த ஆராய்ச்சிக்காரங்க கைகழுவிட்டுப் போகல, அந்தப் பொண்ணுங்கள 10 வருஷம் விடாம பின்தொடர்ந்து பாத்தாங்க, ஒரு ஊசி போட்டவங்களுக்கும் மூணு ஊசி போட்டவங்களுக்கும் இந்தப் புத்துநோயக் கொண்டுவர்ற வைரஸ் ஒடம்புல நிலையாத் தங்குறதத் தடுக்குறதுல வித்தியாசமே இல்லன்னு 2021ல வெளிய வந்துச்சு. ஒரு ஊசி போட்டவங்களுக்கு 95 சதவீதம் பாதுகாப்பு. அடுத்த வருஷமே உலக சுகாதார நிறுவனம் 9 வயசுல இருந்து 20 வயசு வரைக்கும் ஒரு ஊசி போதும்னு ஏத்துக்கிச்சு. அதனால மகளுக்கு ஒரு ஊசி, அவ வயசுக்கு இதுதான் நல்ல நேரம்.

உங்க விஷயம். கூச்சமா இருக்கும்தான், இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா இந்த டெஸ்ட் உசுரக் காப்பாத்துதுன்னு நிரூபிச்சுக் காட்டுனவங்க யாரு தெரியுமா, நம்ம திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமத்துப் பொம்பளைங்க. 30 வயசுல இருந்து 59 வயசு வரை, 31 ஆயிரத்துக்கும் மேல பேரு வந்து டெஸ்ட் பண்ணிக்கிட்டாங்க, பஞ்சுல வினிகர் மாதிரி ஒரு தண்ணியத் தொட்டு கர்ப்பப்பை வாயில தடவி ஒரு நிமிஷம் பாப்பாங்க, வெள்ளையா மாறுனா சந்தேகம், அவ்வளவுதான், ரத்தம் எடுக்குறது இல்ல, வெட்டுறது இல்ல. பாத்தது பயிற்சி எடுத்த நர்ஸுங்க. அப்படி ஒரே ஒரு தடவ பாத்ததுலயே, பாக்காத கிராமங்களோட ஒப்பிட்டா அந்த நோயால சாவுறது 35 சதவீதம் கொறைஞ்சுச்சு, 2007ல உலகமே அதப் படிச்சுது. களையெடுக்கப் போற பொம்பளைங்க கூச்சத்த ஒரு பக்கம் வச்சுட்டு வந்ததாலதான் இன்னிக்கு எத்தனையோ நாட்டுல இந்த டெஸ்ட் நடக்குது. மூச்சடக்கி கடலுக்குள்ள முங்கிப் பாறையில கையக் கிழிச்சுக்கிட்டு மரிக்கொழுந்துப் பாசி எடுத்துட்டு வர்றவ நீங்க, இது அஞ்சு நிமிஷம்மா. கூட்டாளிப் பொம்பளைங்க நாலு பேராச் சேந்து போங்க.

என் மகனுக்கு டிபி. மாத்திர ஆரம்பிச்சு மூணு வாரம் ஆகுது. தட்டு டம்ளர் தனியா வைக்கணும், வேற வீட்டுல வைங்கன்னு சொந்தக்காரங்க சொல்றாங்க. அவன் எலும்பும் தோலுமா இருக்கான். என்ன குடுக்கலாம்?
– வாசகர், தொண்டி

பையன வீட்ட விட்டு அனுப்பாதீங்க ஐயா. மெட்ராஸ்லயே இதுக்கு 1959லயே பதில் கெடைச்சிருச்சு. சேத்துப்பட்டுல ஆரம்பிச்ச காசநோய் ஆராய்ச்சி மையம், பாதி நோயாளிகள சானடோரியம்ங்கிற டிபி ஆஸ்பத்திரில வச்சும் பாதி பேர அவங்கவங்க குடிசையிலயே வச்சும் ஒரே மருந்தக் குடுத்துப் பாத்தாங்க. வீட்டுல இருந்தவங்களுக்கும் ஏறக்கொறைய அதே அளவு குணம், அவங்க குடும்பத்துக்கும் அதனால கூடுதலா நோய் தொத்தல. உலகம் முழுக்க டிபிய வீட்டுல வச்சே வைத்தியம் பாக்குறதுக்கு அதுதான் அஸ்திவாரம். ஜன்னலத் தொறந்து வைங்க, இருமும்போது வாய மூடச் சொல்லுங்க, மாத்திர ஒருநாள் தவறக் கூடாது. தட்டால டிபி பரவாது.

சாப்பாட்டுக்கு வர்றேன். ஜார்க்கண்ட்ல நடந்த ஒரு ஆராய்ச்சி, 2023ல வந்துச்சு, நம்ம சென்னை மையமும் அதுல கூட்டு. 2,800 நோயாளிகளுக்கு மாசாமாசம் அரிசி, பருப்பு, பால் பவுடர், எண்ணெய்னு பை குடுத்தாங்க, அதுல பாதி வீடுகள்ல கூட இருக்குறவங்களுக்கும் ஆளுக்கு 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு. வீட்டாளுங்களுக்கும் சாப்பாடு குடுத்த குடும்பங்கள்ல புதுசா டிபி வர்றது 39 சதவீதம் கம்மி! நோயாளிங்கள்ல மொத ரெண்டு மாசத்துல அஞ்சு சதவீதம் எடை ஏறுனவங்களுக்கு சாவு அபாயம் 61 சதவீதம் கம்மி. அதனால தட்டத் தனியா வைக்கிறத விட்டுட்டு தட்டுல என்ன இருக்குன்னு பாருங்க. முட்டை தெனம் ரெண்டு, மீன், பருப்பு, கடலை, உங்களுக்கும் சேத்துத்தான். எடைய எழுதி வைங்க, ரெண்டு மாசத்துல ஏறலன்னா டிபி யூனிட்டுல போயி கேளுங்க. மாசத்துக்கு 1,000 ரூவா வீதம் அரசாங்கம் நோயாளி பேங்க் கணக்குல போடுது, வரலன்னா அதையும் அங்கயே கேளுங்க.

வலை இழுக்கும்போது கடல்பாம்பு கொத்திருச்சுன்னா பாம்புக்கடி ஊசி கேக்குமா?
– வாசகர், பாம்பன்

கேக்காது. நம்ம நாட்டுல தயாரிக்கிற விஷமுறிவு மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் இந்த நாலுக்கும்தான். பாம்புக்கடியால இந்தியாவுல வருஷத்துக்கு சராசரி 58 ஆயிரம் பேரு சாவுறாங்கன்னு 2020ல ஒரு பெரிய கணக்கு வந்துச்சு, ஊர் ஊரா செத்தவங்க வீட்டுல போயி விசாரிச்சு எடுத்தது. கடல்பாம்புக்கு அந்த அளவுக்குக் கணக்கும் இல்ல, மருந்தும் இங்க இல்ல.

அதுக்காக நம்பிக்கைய விட வேணாம், நெறைய கடியில விஷமே எறங்குறதில்ல. பல்லுத்தடம் முள்ளு குத்துன மாதிரி சின்னதா இருக்கும், வலி பெருசா இருக்காது, அங்கதான் ஏமாந்து போறாங்க, "ஒண்ணுமில்ல"ன்னு மறுபடி வலைய இழுக்கப் போயிடுறாங்க. அரை மணி நேரத்துல இருந்து சில மணி நேரத்துக்குள்ள ஒடம்பு பூரா வலி, கழுத்து தாடை இறுக்கம், கண்ணு எம எறங்குறது, ஒண்ணுக்கு வரக்காப்பி கலர்ல போறதுன்னு ஆரம்பிச்சா விஷம் தசையக் கரைக்குதுன்னு அர்த்தம், அது கிட்னியையும் மூச்சையும் நிறுத்தும். அதனால கடிச்ச ஒடனே அவரப் படகுல படுக்க வச்சு, கடிபட்ட கை காலக் கம்பு வச்சுத் துணியால கட்டி அசைய விடாம, மோதிரம் கயிறு எல்லாம் கழட்டி, கீறாம உறிஞ்சாம கரைக்குத் திருப்புங்க. சிக்னல் கெடைக்கிற தூரத்துக்கு வந்ததுமே 108க்கு சொல்லிருங்க, வெண்டிலேட்டரும் டயாலிசிஸும் இருக்குற ஆஸ்பத்திரின்னு கேட்டுப் போங்க. பாம்ப அடிச்சுக் கொண்டுவர வேணாம், செல்லுல போட்டோ எடுத்தா போதும், ஒரு ராத்திரியாவது ஆஸ்பத்திரில இருந்து பாத்துட்டு வாங்க.

உப்பளத்துல 19 வருஷமா வேல, எனக்கு 41 வயசு. வேலைக்குப் போற நாளெல்லாம் ஒண்ணுக்குப் போகும்போது எரியுது, மஞ்சளாப் போகுது. அங்க மறைவே கெடையாது, அதனால காலைல இருந்து தண்ணி குடிக்கிறதில்ல. கால்வலிக்கு கடையில மாத்திர வாங்கிப் போடுவேன். கூட வேல பாத்த அக்காவுக்கு சுகரும் இல்ல பிரஷரும் இல்ல, கிட்னி போயிருச்சுன்னு மதுரையில சொல்லிட்டாக. எப்படிம்மா அது?
– வாசகி, வாலிநோக்கம் பக்கம்

தாயி, உங்க கடிதாசிய நான் மூணு தடவ படிச்சேன். காலைல இருந்து தண்ணி குடிக்கிறதில்லங்கிற அந்த ஒரு வரில உங்க அக்காவுக்கு என்ன ஆச்சுங்கிறதுக்குப் பாதி பதில் இருக்கு.

மத்திய அமெரிக்காவுல எல் சால்வடார், நிகரகுவான்னு நாடுங்க, அங்க கரும்பு வெட்டுற எளந்தாரிப் பயலுக, சுகர் இல்ல பிரஷர் இல்ல, முப்பது நாப்பது வயசுல கொத்துக் கொத்தா கிட்னி போயி செத்தாங்க. கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில அனுராதபுரம் பக்கம் வெவசாயிகளுக்கும் இதே மாதிரி. காரணம் இன்னும் முழுசா முடிவாகல, பூச்சிமருந்து, தண்ணியில இருக்குற உலோகம்னு பல சந்தேகம் இருக்கு, ஆனா வெயில்ல ஒடம்பொடிய வேல பாத்து ஒடம்பு வறண்டு போறது அதுல பெரிய பங்குன்னு வருஷத்துக்கு வருஷம் சாட்சி கூடிக்கிட்டே வருது. தண்ணி கொறைஞ்சா கிட்னிக்கு ரத்தம் கொறையும், தெனம் சாயங்காலம் ஒரு சின்னக் காயம், ராத்திரி கொஞ்சம் ஆறும், மறுநாள் காலைல மறுபடி, இப்படியே 19 வருஷம். அதுமேல கால்வலிக்குப் போடுற டைக்ளோஃபினாக் மாதிரி மாத்திர, கிட்னிக்குப் போற மிச்ச ரத்தத்தையும் சுருக்கும்.

நம்ம தமிழ்நாட்டு உப்பளத்துலயே பாத்துட்டாங்கம்மா. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா ஆராய்ச்சிக்காரங்க 7 உப்பளத்துல 352 பேர 2017ல இருந்து 2020 வரைக்கும் பரிசோதிச்சாங்க, 2023ல வெளிய வந்துச்சு. பத்துல ஒம்பது பேரு, மனுசன் பாக்கலாம்னு வச்சிருக்குற வெப்ப அளவுக்கு மேலதான் வேல பாக்குறாங்க. நூத்துக்கு 7 பேருக்கு கிட்னி வேல கொறைஞ்சிருந்துச்சு. எங்கயோ சைனாவுல அமெரிக்காவுலன்னு சொல்லிக்கிட்டு வந்தேனே, இதுல இருந்தவங்க நீங்கதான், உங்கள மாதிரி பாத்தியில நின்னு உப்பு வாருறவங்க. மேல சூரியன், கீழ வெள்ளையா உப்பு அதே வெயிலத் திருப்பி மூஞ்சிலயே அடிக்குது, பாதம் வெடிச்ச எடத்துல உப்புத்தண்ணி எறங்கி எரியும், சாயங்காலம் சேல ஓரத்துல வேர்வை காஞ்சு வெள்ளைக் கோடு போட்டிருக்கும். அந்தக் கோடு ஒடம்புல இருந்து போன தண்ணியோட கணக்கு.

நாளைக்கு வேலைக்குப் போறதுக்கு முன்னாடி பி.எச்.சி.ல யூரின் டெஸ்ட்டும் ரத்தத்துல கிரியேட்டினினும் குடுங்க. எரிச்சல் வெறும் கிருமியாவும் இருக்கலாம், அப்படின்னா சுலபமா மருந்துல போயிரும். கால்வலி மாத்திரைய இன்னிக்கே நிறுத்துங்க, வேணும்னா பாராசிட்டமால். வீட்டுல இருந்து கெளம்பும்போதே ரெண்டு டம்ளர், அங்க 20 நிமிஷத்துக்கு ஒரு டம்ளர், கஞ்சித்தண்ணி மோர் எதுவா இருந்தாலும் சரி.

இதப் படிச்சுட்டு நீங்க "குடிச்சா எங்க போறது"ன்னு கேப்பீங்க. அந்தக் கேள்விய உங்க மேல போட எனக்கு மனசு வரல, அது வேல குடுக்குறவரு பதில் சொல்ல வேண்டிய கேள்வி. நிகரகுவாவுல ஒரு கரும்பு ஆலையில தண்ணி, நெழல், நடுநடுவுல கட்டாய ஓய்வுன்னு முறையாக் குடுத்த பெறகு கரும்பு வெட்டுறவங்களுக்கு கிட்னி காயம் கொறைஞ்சதா அளந்தே எழுதியிருக்காங்க. ஒரு கொட்டகை, ஒரு கழிப்பறை, குடிதண்ணிக் கேன். அதனால நீங்க பத்துப் பேராச் சேந்து, கிராம சுகாதார நர்ஸையும் கூட்டிக்கிட்டு, எழுத்துல குடுங்க. மனு எழுத ஆள் வேணும்னா எனக்கு அனுப்புங்க, நான் எழுதித் தர்றேன், அந்த 7 உப்பளத்து ஆராய்ச்சியோட விவரத்தையும் அதுல சேத்தே தர்றேன்.

ரிப்போர்ட் வந்ததும் கிரியேட்டினின் எவ்வளவுன்னு ஒரு வரி எழுதுங்க தாயி. அடுத்த மாசம் எந்தக் கேள்விக்கும் முன்னாடி உங்களுக்குத்தான் பதில்.